மஞ்சள் டேப் ஒட்டிய கதவுகள்

அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் மூன்றாவது வார்த்தையில் திணறிப்போவேன். என்னைப் பற்றி அவளைக் கேட்டால் முதல் வார்த்தையே வராது. இருந்தாலும் அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெட்ரோல் பங்க்கில் நடந்ததை இந்தத் தெருவில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அன்றைக்குத் தண்ணீர்த் துப்பாக்கியைக் கையில் பிடித்திருந்தவள் நான்.

பங்க்கின் பின்பக்கம், காற்றடிக்கும் இடத்தைத் தாண்டி, ஒரு தகரக் கூரை. அதன் கீழே இரண்டு கார் நிற்கிற அளவுக்குச் சிமென்ட் தரை, ஒரு குழாய், ஒரு சாக்கடைக் கம்பி வலை. அங்கே பதினோரு வருடமாக அண்ணி கார் கழுவினாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அண்ணனின் பழைய சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு சுருள் மஞ்சள் டேப். தெருவில் அவளுக்குப் பெயர் பீரங்கி. தண்ணீர் பீய்ச்சுகிற பிரஷர் மெஷினால் வந்த பெயர் என்று அண்ணன் சொல்வான். வாயால் வந்த பெயர் என்று மற்ற எல்லோரும் சொல்வார்கள்.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு, கப்பல் சமையலறையில் பாத்திரம் தேய்த்து, யாருடைய தோட்டத்திலோ திராட்சை பறித்து, கடைசியில் ஒரு தோள்பையோடு அண்ணன் வீட்டில் வந்து இறங்கினேன். நாலாம் நாள் காலையில் அண்ணி கேட்டாள்.

"உலகத்தை அளந்து முடிச்சாச்சா? இல்ல, மிச்சம் இருக்கிறதை எங்க வீட்டுக்குள்ளயே அளந்துக்கலாம்னு வந்தியா?"

"நீங்க சொல்லுங்க அண்ணி, எந்தப் பக்கம் அளக்கலாம்னு."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. நாளையிலிருந்து என்கூட வா. உக்காந்து சாப்பிடுறவங்களைப் பாத்தா எனக்கு நெஞ்சு கரிக்குது."

அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் வேலை. எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அவனை வெளியே எடுக்கத்தான் ஆளில்லை. அவன் ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தான்.

இப்படித்தான் நான் கார் கழுவப் போனேன்.

முதல் நாளே சட்டம் போட்டாள். விசிறி மாதிரி விரிகிற முனையை மட்டும்தான் மாட்ட வேண்டும். ஊசி மாதிரி பாய்கிற முனை சக்கரத்துச் சேற்றுக்கு மட்டும். எந்த முனையாக இருந்தாலும் காரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். நேராகக் குத்தி அடிக்கக் கூடாது, சாய்த்து அடிக்க வேண்டும். கல் பட்டுப் பெயின்ட் தெறித்த இடம் இருந்தால் அதன் விளிம்பில் தண்ணீர் நுழையவே கூடாது. "ஒரு முழம்னா உன் கை முழம் இல்ல, என் கை முழம்" என்றாள். அவள் கை என்னுடையதைவிட நீளம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "இதுல அடிச்சா பெயின்ட் போயிடுமாம்மா?"

மற்ற கடைக்காரர்களாக இருந்தால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அண்ணி சொல்லும் பதிலே வேறு.

"கம்பெனியில அடிச்சது போகாது. ஊருக்குத் தெரியாம அடிச்சது போகும். உங்களுது எது?"

யாருக்குத்தான் கோபம் வராது?

அவளுக்கு இது தெரிந்த விதம் தனி. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் ஒரு பட்டறையில் பட்டி தேய்த்தவள் அவள். அடிபட்டு நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கி, மேலே பெயின்ட் அடிப்பார்கள். அவசரக்காரர்கள் சரியாகத் தேய்க்காமல், காயவிடாமல் அடித்துவிடுவார்கள். பார்க்க முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும். ஆனால் பிடிப்பு இருக்காது. ஏதாவது ஒரு மூலையில் தண்ணீர் வேகமாக நுழைந்தால் போர்வையை விலக்குகிற மாதிரி எழுந்து வரும். பட்டறைத் தூசியில் இருமல் வந்துதான் அவள் தண்ணீர்ப் பக்கம் வந்தாள். வந்த முதல் வருடமே ஒரு பள்ளி ஆசிரியரின் கார் முன்பக்கம் இப்படி உரிந்தது. அது ஏற்கெனவே அடிபட்டது என்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் கேட்கிற மாதிரியே கேட்டாராம்: "சாட்சி யாரு?"

அதற்குப் பிறகுதான் டேப். ஒரு கார் உள்ளே வந்ததும் துணி சுற்றிய சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வருவாள். தகரம் என்றால் காந்தம் ஒட்டி நிற்கும். பட்டி கனமாக இருந்தால் நழுவி அவள் உள்ளங்கையில் விழும். விழுந்த இடத்துக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் இரண்டு துண்டு மஞ்சள் டேப்பைக் குறுக்கே குறுக்கே ஒட்டுவாள். டேப் இருக்கிற இடத்துக்கு மெஷின் கிடையாது. வாளித் தண்ணீரும் பஞ்சும்தான். கழுவி முடித்து, காரின் சொந்தக்காரர் பார்த்த பிறகுதான் டேப்பை எடுப்பாள்.

வேலையாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் வரிசையில் நிற்கிற பத்துப் பேருக்கு முன்னால் உங்கள் காரில் டேப் ஒட்டினால், இந்தக் கார் எங்கேயோ இடித்திருக்கிறது என்று மைக் வைத்துச் சொன்ன மாதிரி. நண்பனிடம் இரவல் வாங்கிய காரை இடித்துச் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்திருந்த ஒருவர், அந்த நண்பனோடு வந்திருந்தபோது இங்கேதான் மாட்டினார். டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று நாலு பக்கமும் டேப்போடு பரிசுப் பொட்டலம் மாதிரி நின்றது. அதை ஓட்டி வந்த வாத்தியார் அதற்குப் பிறகு இந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறார். நான் சேர்ந்த மூன்று வாரத்தில் அண்ணியைத் திட்டாமல் போனவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

எல்லோரையும்விட அவளை வெறுத்தவர் தரகர். எதிர்ச்சாரியில் பழைய கார் வாங்கி விற்கிறவர். வாசனைத் திரவியம் ஒரு தெரு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். அவருடைய கார்களைக் கழுவ வேறு இடமும் இல்லை. அவர் வளாகத்தில் குடிக்கிற தண்ணீரே கேனில்தான் வந்தது.

"ஏம்மா, நீ கார் கழுவுறியா, பிரேதப் பரிசோதனை பண்றியா?"

"செத்ததைக் கொண்டுவந்தா அதைத்தான் பண்ணணும்."

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போடாதம்மா."

"மண்ணைக் கழுவத்தான் இங்க இருக்கேன். பட்டிக்கு நான் பொறுப்பில்ல."

அவர் பங்க் முதலாளியிடம் போய் நின்றார். அந்தத் தகரக் கூரை இடத்தைத் தனக்கே கொடுத்துவிடும்படி கேட்டார். முதலாளி அப்போதைக்குத் தட்டிக்கழித்தாலும் அண்ணியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசியில உன் ஒப்பந்தம் முடியுது. இன்னும் ஒரு புகார் வந்துச்சுன்னா புதுப்பிக்க மாட்டேன்." குழாயும் சாக்கடையும் கூரையும் சேர்ந்த இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொன்று கிடையாது. அண்ணி அதை வீட்டில் சொல்லவில்லை. அன்றிரவு அண்ணனின் தட்டை அவள் வைத்த வேகத்தில் எனக்கே புரிந்தது.

அந்தப் புகார் வருவதற்கு நான்தான் காரணம். அண்ணியின் தலைவலித் தைலமும் ஒரு காரணம்.

பூட்ஸ் போட்டுப் போட்டு என் குதிகால் வெடித்திருந்தது. அலமாரியில் தைலம் இருந்தது, தேய்த்தேன். பாட்டில் தீர்ந்துவிட்டது. காலையில் அண்ணி அந்தக் காலி பாட்டிலை என் டீ டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். நான் "சிக்கனமா வெச்சிருந்தா தீராது" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

வேலை இடத்தில் அவள் குழாயைப் பார்த்துப் பேசினாள். "நுரை போதலைன்னு யாருக்காவது தோணினா நல்லா இருக்கும்." நான் வாளியைப் பார்த்துப் பதில் சொன்னேன். "நுரை கலக்குற ஆளு சரியாக் கலக்கணும்."

பத்தரை மணிக்குத் தரகர் ஒரு கருநீலக் காரைக் கொண்டுவந்து விட்டார். வாங்க ஆள் வருகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்றார். அண்ணி காந்தத்தோடு சுற்றி வந்தாள். இடப்பக்கப் பின்கதவில் காந்தம் விழுந்தது. டேப்பைப் பல்லால் கிழித்துக் கதவுக் கண்ணாடியில் ஒட்டினாள். நான் பார்த்தேன். பிறகு அவள் கால்மிதிகளை உதறக் கூரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

நான் வலப்பக்கமிருந்து தொடங்கினேன். நுரை போட்டு, அலசி, பின்பக்கம் சுற்றி இடப்பக்கம் வந்தபோது அந்தக் கண்ணாடியில் டேப் இல்லை.

இருந்ததே என்று நினைத்தேன். அண்ணியே எடுத்துவிட்டாள் போல, இன்னொரு தடவை பார்த்துச் சரி என்று தோன்றியிருக்கும் என்று நினைத்தேன். பதினைந்து அடி தூரத்தில்தான் அவள் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நான்தான் முதலில் பேசினேன் என்றாகிவிடும். விசையை அழுத்தினேன்.

ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். அவள் கை முழம்தான். கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்னத் தெறிப்பு இருந்திருக்கிறது, நுரையில் தெரியவில்லை. காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி அந்த இடம் சுருங்கியது. கையை எடுப்பதற்குள் நோட்டுப் புத்தகம் அகலத்துக்கு நீலம் எழுந்து மடிந்து தொங்கியது. உள்ளே சாம்பல் நிறத்தில் பட்டி.

அதற்குள் காரை வாங்க வந்த அம்மாவும் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் பல் டாக்டர். குனிந்து பார்த்தார்.

"இது ஃபில்லிங்தானே?" என்று தரகரிடம் கேட்டார். "எவ்வளவு ஆழம்?"

"மேடம், இந்த மெஷின்தான் மேடம்! அடிச்சே நாசம் பண்ணிட்டாங்க!"

"மெஷின் பட்டி வைக்காதுங்க." அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தரகர் போட்ட கூச்சலில் பெட்ரோல் போட வந்தவர்கள்கூட இறங்கி வந்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து முதலாளி வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மகன், பங்க்கைப் பார்த்துக்கொள்கிறவன். அண்ணி கால்மிதியோடு ஓடி வந்தாள். கதவைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு அன்றைக்கு முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

"டேப் எங்கடி?"

"இல்ல."

"நான் ஒட்டினதைப் பாத்தியா, இல்லையா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் பழி முழுவதும் அவள் தலையில் விழுந்திருக்கும். ஒரு நொடி அந்த ஆசையும் எனக்கு வந்தது.

"பாத்தேன். இந்தப் பக்கம் வந்தப்ப இல்ல. நீங்களே எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"கேக்க வாயில்லையா?"

"நாமதான் பேசிக்கலையே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணி தரகர் பக்கம் திரும்பினாள். "ஆள் வர்றப்ப டேப் இருந்தா அசிங்கம்னு நீதானே பிச்சே?"

"நானா? யாரு பாத்தா? நாத்தனாரும் அண்ணியும் சேந்து நல்லா நாடகம் போடுறீங்க" என்றார் தரகர். பிறகு முதலாளியிடம் குரலை இறக்கினார். "எதுக்குப் பேச்சு முதலாளி? உங்க வண்டி அங்க நிக்குது. ஒரு கீறல் படாத வண்டி. அதுல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. பெயின்ட் நின்னா என் வண்டி மேல தப்பு. உரிஞ்சா மெஷின் மேல தப்பு."

முதலாளிக்கு அது நியாயமாகப் பட்டது. "சரி. என் வண்டியில அடி. உரிஞ்சா இடத்தைக் காலி பண்ணு."

"அப்பா, நம்ம வண்டி எதுக்கு?" மகன் குறுக்கே வந்தான். "நேத்துதான் துடைச்சேன்."

"தள்ளு."

வெள்ளி நிறக் கார் கூரைக்குக் கீழே வந்தது. அண்ணி காந்தத்தை எடுத்துக்கொண்டு சுற்றினாள். முன்பக்கம் நின்றது. வலப்பக்கம் நின்றது. இடப்பக்க முன்கதவில் அது நழுவி அவள் கையில் விழுந்தது. அவள் நிமிர்ந்தபோது மகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணியின் கை சட்டைப் பைக்குப் போனது. வெறுங்கையாக வெளியே வந்தது. அவள் தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேராக முன்பக்கத்துக்கு நடந்தாள். "பானெட்ல அடிக்கிறேன், பாருங்க முதலாளி" என்றாள்.

அப்படியே அடித்திருந்தால் ஜெயித்திருப்பாள். மூன்று வாரத்தில் அவள் ஒரு இடத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனது அன்றைக்குத்தான். ஆனால் முதலாளிக்குக் கண் நல்ல கூர்மை.

"அங்க காந்தம் விழுந்துச்சே?"

"விழுந்தா டேப் ஒட்டுவேன்னு சொன்னே. இப்ப ஒட்டல. அப்போ அவர் வண்டிக்கும் ஒட்டியிருக்க மாட்டே. அப்படித்தானே?"

தரகர் "அதான் முதலாளி, அதான்" என்றார்.

அண்ணி டேப்பை எடுத்தாள். பல்லால் கிழித்தாள். முதலாளியின் முன்கதவுக் கண்ணாடியில் குறுக்கே குறுக்கே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"இதுல மெஷின் அடிக்கக் கூடாது. அடிச்சா உரியும். பட்டி இருக்கு."

"என் வண்டியிலயா? ஏம்மா, இந்த வண்டியை நான் என் கையால ஓட்டிட்டு வந்தேன், கடையிலிருந்து!"

"அதுக்கப்புறம் யாரு ஓட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது."

முதலாளி துப்பாக்கியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். முதலில் பானெட்டில் அடித்தார். தண்ணீர் சிதறி எங்கள் எல்லோரையும் நனைத்தது. பெயின்ட் அப்படியே இருந்தது. ஒரு முழத்திலிருந்து ஜாணுக்குக் கிட்டே போனார், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு டேப் ஒட்டிய கதவுக்கு வந்தார். "கிட்டப் போகாதீங்க" என்று அண்ணி கத்தினாள். அவர் கிட்டத்தான் போனார். கதவின் அடி விளிம்பில் வெள்ளிப் பெயின்ட் கிளம்பி, ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து, அவர் காலணி மேல் வந்து விழுந்தது.

"பாத்தீங்களா!" என்று தரகர் கைதட்டினார். "மெஷின்!"

"கொஞ்சம் கீழ பாருங்க முதலாளி" என்றாள் அண்ணி.

சாம்பல் நிறப் பட்டி. பக்கத்தில் நின்ற கருநீலக் காரிலும் அதே சாம்பல்.

முதலாளி தன் மகனைப் பார்த்தார். மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"லாரி உரசிடுச்சுப்பா. போன மாசம். உங்களுக்கு பிரஷர் ஏறிடுமேன்னு சொல்லல." அவன் தரகரைக் காட்டினான். "இவர்தான் ஒரே நாள்ல ஆளை வெச்சு முடிச்சுக் கொடுத்தாரு. கண்டுபிடிக்கவே முடியாதுன்னாரு."

"அவசரத்துக்கு ஒரு உதவி…" என்றார் தரகர்.

"தெரிஞ்சேதான் என் வண்டியில அடிக்கச் சொன்னியா?" என்றார் முதலாளி. தரகரை அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. கருநீலக் காரை நுரையோடு நுரையாக எதிர்ச்சாரிக்குத் தள்ளிக்கொண்டு போகவைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணியிடம் வந்தார். அவர் காலணியில் இன்னும் வெள்ளித் துணுக்கு ஒட்டியிருந்தது.

"இடம் உனக்குத்தான். ஆனா இனிமே டேப் கிடையாது. சந்தேகம் இருந்தா வண்டிக்காரர் காதுல மெதுவாச் சொல்லு. இன்னைக்கு என் மானம் போனதைப் பத்துப் பேர் பாத்துட்டாங்க."

"காதுல சொன்னது, உரிஞ்சதுக்கப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கும் முதலாளி? அப்ப வந்து 'சாட்சி யாரு'ம்பாங்க."

"என் இடத்துல என் பேச்சு."

"அப்போ உங்க இடத்தை நீங்களே வெச்சுக்கங்க."

"யோசிச்சுப் பேசு. மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு."

"டேப் இல்லாம ஒரு வண்டியில கைவைக்க மாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் இங்க நின்னு ஈ ஓட்டவா?"

அவள் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றினாள். நான் அவள் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். சரி என்று சொல்லிவிட்டு உள்பக்கமாக எங்கேயாவது ஒட்டிக்கொள்ளலாமே, சின்னதாக ஒட்டலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"யாருக்கும் தெரியாம ஒட்டுறதுக்கு எதுக்கு டேப்பு?" என்றாள். "ஹோஸைச் சுத்து. மடிப்பு விழாம சுத்து. எதையுமே உருப்படியாச் செய்யத் தெரியாதா உனக்கு?"

"உங்க பக்கம்தானே சாட்சி சொன்னேன்!"

"வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல மூடிட்டு, எல்லாம் முடிஞ்சதும் திறந்தே. பெரிய சாட்சி."

மதியம் ஒரு சரக்கு வண்டியைக் கூப்பிட்டாள். மெஷினை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். தூக்கும்போது என் விரல் நசுங்கியது. அவள் "பாத்துப் பிடி" என்று மெஷினுக்காகக் கத்தினாள். வாளிகள், பஞ்சு, இரண்டு முனைகள் போட்ட டப்பா, காந்தம், எல்லாம் ஏறின. முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்த வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அண்ணியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எங்கம்மா இறக்கணும்?" என்றார் வண்டிக்காரர்.

"ஓட்டுங்க. யோசிச்சுட்டே வர்றேன்."

அவள் முன்னால் ஏறிக்கொண்டாள். நான் பின்னால், மெஷினுக்குப் பக்கத்தில், ஈரத் தகரத்தில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பும்போது அவள் சின்ன ஜன்னல் வழியாகத் தலையைத் திருப்பினாள்.

"அதைச் சாய விடாதே. உன்னை மாதிரி இல்ல, அது உழைச்சது."

மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான், இங்கே எழுத முடியாத ஒரு பதிலைச் சொன்னேன். வண்டிக்காரர் வெட்கப்பட்டு ஹாரன் அடித்தார்.